வாசற்படியை இறக்கியவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் யார் எங்கே விழுந்தார்கள் என்பதில்தான் வந்து நிற்கிறது. பாத்ரூமில் விழுந்தவர், மாடிப்படியில் விழுந்தவர், பேரனின் பொம்மைக் காரை மிதித்து விழுந்தவர். ஆளாளுக்கு ஒரு எக்ஸ்ரே கையில் வைத்திருக்கிறோம். நான் இதுவரை விழவில்லை. என்னிடம் சொல்ல இருப்பது வேறு. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது நான் ஒருவரை விழவைத்தேன். தெரியாமல் நடந்ததல்ல, திட்டம் போட்டுச் செய்தது.

விழுந்தவர் என் பெரியப்பா. செத்துப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் மரியாதை போட்டு எழுதுகிறேன் என்றால் அது பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை.

காரணம் என் அத்தை. பெரியப்பாவுக்குத் தங்கை, என் அப்பாவுக்கு அக்கா. திருவண்ணாமலையில், கோயிலின் மேற்கே இருக்கிற பே கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வார்டு ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். கட்டை உடம்பு, கட்டைக் குரல், வாயில் எந்நேரமும் வெற்றிலை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, கஞ்சி குடி" என்பாள். இல்லையென்றால், "ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ" என்பாள். இந்த இரண்டுதான். மாமா செத்து வெகுநாளாகியிருந்தது, பிள்ளை கிடையாது. தனியாக இருந்தாள், தனியாக இருப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. சாயங்காலம் என்னோடு தாயம் ஆடுவாள். கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவாள்.

அன்றைக்கு அவளுக்கு வயது அறுபது. எனக்கு இப்போது அதைவிட ஆறு வயது கூட. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

அவள் வீட்டு வாசற்படி தெருவிலேயே உயரம். மழைக்காலத்தில் மலைத் தண்ணீர் அந்தத் தெரு வழியாகத்தான் இறங்கும், வீட்டுக்குள் வரும். அதற்காக மாமா வீடு கட்டும்போதே நிலையின் அடிக்கட்டையை முழங்காலில் பாதி உயரத்துக்குப் போட்டுவிட்டார். பிற்பாடு தெரு ஓரத்தில் கால்வாய் வெட்டி, தண்ணீர் அது வழியாகப் போக ஆரம்பித்தது. படி மட்டும் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு பூவும் வைப்பாள். நம் பக்கத்தில் வாசற்படியை யாரும் மிதிப்பதில்லை, உட்காருவதில்லை. தாண்டித்தான் போக வேண்டும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் பூசி முடித்துவிட்டு உள்ளே தாண்டும்போது அத்தையின் கால் கட்டைவிரல் படியில் இடித்தது. குப்புற விழுந்தாள். மணிக்கட்டு பிசகி, நெற்றி புடைத்துக்கொண்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. அம்மா ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்தபோது அத்தை முதலில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "முட்டி மடங்க மாட்டேங்குது. காலு எவ்ளோ தூக்குமோ அவ்ளோதான் தூக்கும். இந்தப் படி எறங்கி வரணும், நான் ஏறிப் போவ முடியாது."

மறுநாளே ஆசாரியை வரவழைத்தாள். அவர் குனிந்து கட்டையைத் தட்டிப் பார்த்தார். "அரை நாள் வேலைம்மா. ரெண்டு வெரல் உட்டுட்டு மீதிய அறுத்துடறேன்" என்றார். பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும்.

அதற்குள் சேதி தெரிந்து பெரியப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தங்கையின் நெற்றியைப் பார்த்தார், "ஐயோ" என்றார். அப்புறம் ஆசாரி கையில் ரம்பத்தைப் பார்த்தார்.

"இன்னா பண்றாங்க இங்க?"

"படியை எறக்கறேன்ணா" என்றாள் அத்தை.

"வாசப்படியை அறுக்கறதா? மகாலட்சுமி உக்கார்ற எடம். அறுத்தா வம்சம் வெளங்குமா?"

"எனக்கு ஏதுணா வம்சம்?"

"எனக்கு இருக்குதில்ல."

அத்தைக்குப் பிறகு அந்த வீடு பெரியப்பாவின் மகனுக்கு என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் எனக்கு அண்ணன் முறை, அப்போது பதினெட்டு வயது. அவனுக்குத் தோஷம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அத்தை தினமும் அந்தக் கட்டையைத் தாண்ட வேண்டும். ஆசாரி ரம்பத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அப்படின்னா நான் மறுபடி விழட்டுமா?" என்று கேட்டாள் அத்தை.

"ஏன் விழற? நம்ம வூட்டுக்கு வந்துடு. பத்திரமா இருக்கலாம். நீ இங்க விழுந்து கெடந்தா ஊர் இன்னா சொல்லும்? தங்கச்சிய அநாதையா உட்டுட்டான்னு என்னத்தான் சொல்லும்."

அப்பா கடைக்குட்டி. பெரியப்பாவை எதிர்த்து அவர் வாழ்நாளில் பேசியதில்லை. "அண்ணன் சொல்றதும் சரிதான்க்கா" என்று முனகினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "மரக்கட்டைக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்ல" என்று என் காதுக்கு மட்டும் சொன்னாள்.

போன வருடம் என் மகன் என் வீட்டுப் பின்வாசலில் ஒரு கொத்தனாரை வைத்து, படிக்கு உள்ளே ஒரு செங்கல் வரிசை, வெளியே ஒரு செங்கல் வரிசை கட்டி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்துக் கொடுத்தான். ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. அன்றைக்கு அந்தப் பெரிய மனிதர்கள் யாருக்காவது இந்த இரண்டு வரிசைச் செங்கல் தோன்றியதா? அறுக்கலாமா, கூடாதா. படி இருக்கணுமா, ஆள் இருக்கணுமா. இதிலேயே நின்றார்கள். ஆளைத் தூக்கிவிட்டார்கள்.

வாடகைக் கார் வந்தது. அத்தை வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பெரியப்பா கையை நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். பதில் பேசாமல் அத்தை ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காலாண்டு லீவுக்கு என்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தையைத் தேடிக்கொண்டு ஓடினேன். வேர்க்கடலை மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்.

"சிக்கு எடுக்க யாரு இருக்கா? அதான் நாவிதரை வரச் சொல்லி வெட்டியாச்சு. ஈசியா இருக்குது பாரு" என்றாள் பெரியம்மா.

பெரியம்மா கெட்டவள் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எல்லாம் பொய்யாகிவிடும். வேளாவேளைக்குச் சூடாகச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட வாளி வைத்தாள். ஆனால் அத்தையின் கைத்தடி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது, தடி இருந்தால் எழுந்து நடப்பாளாம். மூக்குக்கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது, உடைந்துவிடுமாம். வெற்றிலைப் பெட்டியை எங்கே வைத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. அத்தை ஒரு காலைத் தரையில் வைத்தால் போதும், கூடத்திலிருந்து யாராவது ஒருவர், "எறங்காத, எறங்காத, விழுந்துடுவ" என்று குரல் கொடுப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "குடுத்துவெச்சவங்க, அண்ணன் எப்படித் தாங்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெரியப்பா அதைக் கேட்டுக்கொண்டு ஈசிச்சேரில் சாய்ந்திருப்பார்.

எல்லோரும் அசந்த ஒரு மத்தியானம் அத்தை என் கையை எடுத்துத் தன் தொடை மேல் வைத்தாள். "அமுத்திப் பாருடி" என்றாள். தொளதொளவென்று இருந்தது.

"படுக்கையிலயே வெச்சிருந்தா காலுக்கு நடக்கறதே மறந்துடும். இந்த மாதிரி எத்தினி பேரப் பாத்திருக்கேன். பத்திரமா இருக்கட்டும்னு சொந்தக்காரங்க எறங்கவே உட மாட்டாங்க. கடைசில வார்டுக்குத் தூக்கினு வருவாங்க. பொங்கல் வரைக்கும் இங்கேயே இருந்தேன்னு வை, அப்புறம் என் வூட்டுக்கு நான் எந்தக் காலத்துலயும் போவ மாட்டேன். இங்கதான் சாவேன், கடலை மூட்டை பக்கத்துல."

"நான் இன்னா பண்ணட்டும் அத்தே?"

"உங்கப்பன்கிட்ட சொல்லு. ஆசாரிகிட்ட சொல்லு."

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். "பெரியப்பா நல்லாத்தான் பாத்துக்கறாரு, நீ போய்ப் படி" என்றார். ஆசாரி பட்டறைக்கு நானே தனியாகப் போனேன். மரத்தூள் வாசனையில் தும்மிக்கொண்டே, அத்தை படியை அறுக்கச் சொன்னாள் என்றேன். அவர் இழைப்பதை நிறுத்தவில்லை.

"பெரியவரு சொல்லணும் பாப்பா."

"வூடு எங்க அத்தையோடது."

"அது சரிதான். ஆனா பெரியவரு சொல்லணும்."

அந்த வயதில் எனக்கு ஒன்று விளங்கிப்போனது. சொந்த வீட்டுக்குள் போகவே ஒரு பெண் இன்னொருவர் வாயைப் பார்க்க வேண்டும் என்றால், அந்த வாய் தானாகச் சொல்லாது. சொல்லவைக்க வேண்டும்.

கார்த்திகை தீபம் வந்தது. அத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்து மலை உச்சி மறைப்பில்லாமல் தெரியும். பெரியப்பா, பெரியம்மா, அண்ணன் மூவரும் காலையிலேயே வந்து பூட்டைத் திறந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலாவது ஆள் யாரும் வரவில்லை.

"அத்தை எங்க?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"கூட்டத்துல அவளை எங்க இட்டுனு வர்றது? பண்ணையாளு பொண்டாட்டிய தொணைக்கு உட்டுட்டு வந்திருக்கேன். அவ பேரச் சொல்லி நாமதான் பாக்கறமே."

அவள் வீடு. அவள் மாடி. அவள் பெயரைச் சொல்லி இவர்கள் பார்ப்பார்களாம். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூடு இதை எழுதும்போதும் வருகிறது.

சாயங்காலம் வாசற்படிக்கு மஞ்சள் பூசி விளக்கு வைக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். பூசினேன். இரண்டு பக்கமும் அகல் வைத்தேன். அப்புறம் எங்கள் வீட்டுக்குப் போய், வயிறு கழுவ மாதம் ஒருமுறை எங்களுக்குக் கொடுக்கிற விளக்கெண்ணெய் பாட்டிலைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்தேன். பெயர்தான் விளக்கெண்ணெய், எங்கள் வீட்டில் விளக்குக்கு நல்லெண்ணெய்தான். படியின் மேல் ஊற்றிப் பிரயோசனம் இல்லை, படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். அவ்வளவு உயரப் படியை மிதிக்காமல் தாண்டுகிறவரின் முழு பாரமும் உள்ளே எந்த இடத்தில் இறங்குமோ, அங்கே சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தேன். கேட்டால் சொல்ல, ஓர் அகலைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். பதினோரு வயது. இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

மாடிக்குப் படிக்கட்டு வெளியே சந்துப் பக்கம். எல்லோரும் மேலே போய்விட்டார்கள். நான் கூடத்து மூலையில் நின்றேன். அந்த வருடம் நான் தீபம் பார்க்கவில்லை. ஊர் முழுக்க "அரோகரா" எழுந்தது, வேட்டு வெடித்தது. பெரியப்பா காலையிலிருந்து பட்டினி, தீபம் பார்த்த பிறகுதான் வாயில் எதுவும் வைப்பார். முதலில் அவர்தான் வருவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சந்தில் இறங்கிவந்தது மெட்டிச் சத்தம். அம்மா. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"நவுரும்மா, நான் போறேன். பசி தாங்கல."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகாலட்சுமியை மிதிக்காமல், பெரிய எட்டாக எடுத்து வைத்தார். அவருடைய பக்திதான் அவரைத் தள்ளியது. கால் முறிந்த சத்தம் மூலையில் நின்ற எனக்குக் கேட்டது. அப்புறம் அவர் அலறினார்.

சந்தோஷமாக இருந்தது. நம் வயதில் பொய் எதற்கு? நெஞ்சு நிறைய சந்தோஷமாக இருந்தது.

கவிழ்ந்து கிடந்த அகலைப் பார்த்து, விளக்கு எண்ணெய் கொட்டிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாது, மேடு பள்ள ரோட்டில் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவர் அத்தை வீட்டுக் கூடத்திலேயே கட்டிலில் கிடந்தார். பெரியம்மாவுக்கு ஊரில் மாடு கன்று, அறுப்புக்கு நிற்கிற நெல். யார் பார்த்துக்கொள்வது என்று கூடி யோசித்தார்கள். அப்போதுதான் என் அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சபையில், பெரியப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"வார்டுல முப்பது வருஷம் பாத்தவங்க நம்ம வூட்லயே இருக்காங்களே மாமா."

மூன்றாம் நாள் அதே வாடகைக் கார் வந்தது. அண்ணனும் அப்பாவும் இரண்டு பக்கமும் தாங்கி அத்தையை இறக்கினார்கள். மூன்று மாதத்தில் கால் அவ்வளவு மெலிந்திருந்தது. படி தாண்டத் தூக்கப் போனார்கள். "உடுங்க, நான் இன்னா பொணமா?" என்றாள். நாலு எட்டு, வாசல் வரை அவளே நடந்தாள். அப்புறம் தெரு பார்க்க, மஞ்சள் பூசிய அந்த வாசற்படியின் மேல் உட்கார்ந்தாள். ஆற அமர உட்கார்ந்து ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டாள், மறு காலைத் தூக்கிப் போட்டாள். கட்டிலிலிருந்து பெரியப்பா பதறினார்.

"வாசப்படில உக்காராத."

"உனக்குப் பெட்பேன் யாருணா வெப்பாங்க?" என்று கேட்டாள் அத்தை.



அன்றிலிருந்து அவருடைய கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்து அத்தை தன் காலைத் திரும்ப வாங்கினாள். காலையில் பத்து சுற்று, சாயங்காலம் பத்து சுற்று. அவர் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு ஒருதரம், "எறங்காதணா, விழுந்துடுவ" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, விழுந்த அன்று அவர் கட்டியிருந்த வேட்டியைத் துவைக்க எடுத்தவள் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். வேட்டியின் கறையை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"உங்கம்மா அகலுக்கு எந்த எண்ண ஊத்தினா?"

"நல்லெண்ண."

"இது இன்னா வாசன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வேட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி இங்க வா. நான் உடம்பு தொடைக்கும்போது அந்தக் காலை நீதான் புடிக்கணும்" என்றாள்.

பிடித்தேன். ஆறு வாரம், தினமும். புரட்டும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லி, "மெதுவா கண்ணு, மெதுவா" என்பார். அந்தக் காலின் கனம், மாவுக்கட்டுக்குள்ளிருந்து வரும் வாடை, அவர் கண்ணோரம் வழிகிற தண்ணீர், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தேன். அவர் வலியைப் பார்த்துப் பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. செய்ததற்கு வருத்தமா என்றால், இல்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

மார்கழி பாதியில் கக்கத்துக்கு வைக்கிற கட்டைகள் வந்தன. கூடத்துக்குள் நடக்கப் பழகினார். பொங்கலுக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பேச்சு. ஆனால் வாசல் வரை வந்தால் அந்தப் படி. கட்டுப் போட்ட கால் அதைத் தாண்டாது. மிதிக்க முடியாது, உட்கார மானம் விடாது, ஆள் தூக்கினால் கீழே போட்டுவிடுவார்கள் என்ற பயம். மூன்று நாள் வாசல் வரை வந்து வந்து திரும்பினார். நாலாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஆசாரிய வரச் சொல்லு."

அப்பாவே திடுக்கிட்டுப் போனார். மார்கழியில் வீட்டுக்கு ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம் நாம். "தை பொறந்ததும் பாத்துக்கலாம்ணா" என்றார்.

"மார்கழி சாமிக்கு உகந்த மாசம்டா. ஒண்ணும் ஆவாது. பூஜ போட்டுட்டு அறுத்தா தோஷம் இல்ல."

மகாலட்சுமி எங்கே போனாள்? வம்சம் எங்கே போனது? அவர் காலுக்கு வந்ததும் சாஸ்திரமே வழி விட்டுவிட்டது. ஆசாரி வந்தார், சூடம் கொளுத்தினார், சொன்னபடி அரை நாளில் இரண்டு விரல் விட்டு அறுத்து முடித்தார். அத்தை எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே பார்த்திருந்தாள். ஆசாரி கிளம்பும்போது, அறுத்து எடுத்த துண்டைக் கேட்டு வாங்கி, அதற்கு நாலு கால் வைத்துத் தரச் சொன்னாள்.

பொங்கலுக்கு முதல் நாள் பெரியப்பா கட்டைகளை ஊன்றிக்கொண்டு இரண்டு விரல் படியைத் தாண்டி காருக்குப் போனார். "நீயும் கௌம்பு" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். "எதுக்கு? படிதான் எறங்கிடுச்சே" என்றாள். சாவி அதற்குள் அவள் இடுப்புக்குப் போயிருந்தது.

அந்தத் தை மாதம் அத்தை தன் வீட்டை வார்டுபோல ஒழுங்குபடுத்தினாள். கூடத்திலிருந்து கொல்லை வரை சுவரோடு இடுப்பு உயரத்தில் தாம்புக் கயிறு கட்டவைத்தாள். புரை விழுந்த கண்ணுக்குத் தெரியும்படி ஒவ்வொரு படியின் விளிம்பிலும் என்னைச் சுண்ணாம்பு பூசச் சொன்னாள். காலையில் அம்மா காபி கொண்டுபோய்க் கதவைத் தட்டுவாள், ஏழு மணிக்குள் கதவு திறக்கவில்லை என்றால் எங்கள் வீட்டிலிருந்து ஆள் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. குளிக்கும்போது வழுக்காமல் உட்கார்ந்து குளிக்க, நாலு கால் வைத்த அந்தக் கட்டை. மகாலட்சுமி மேல் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டாள். அப்படிப் பதினோரு வருடம் இருந்தாள். ஒரு தடவைகூட விழவில்லை. தன் கட்டிலில், தன் கூடத்தில், காபி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

சரி, நீதான் ஜெயித்துவிட்டாயே, இன்னும் எதற்கு இந்த ஆத்திரம் என்று கேட்பீர்கள்.

கேளுங்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தீபத்துக்கும் பெரியப்பா வந்தார், கொஞ்சம் விந்தியபடி. வருகிற விருந்தாளியிடம் எல்லாம் வாசற்படியைக் காட்டுவார். "என் தங்கச்சி விழுந்துட்டான்னு மனசு கேக்கல. மகாலட்சுமி உக்கார்ற எடம்னுகூடப் பாக்கல, மார்கழின்னும் பாக்கல, எறக்கிட்டேன்" என்பார். கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். அவர் செத்ததும் அது அண்ணன் வாய்க்கு வந்தது. போன தை மாதம் அவன் பேத்தி கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பா தங்கச்சிக்காக வாசப்படியையே அறுத்தவரு, அந்தப் பாசத்தை நீங்க கத்துக்கணும்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னான். அவர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அத்தையிடம் ஒருதரம் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பதினாறோ பதினேழோ. பெரியப்பா விருந்தாளிகளோடு மாடிக்குப் போயிருந்தார். கீழே நாங்கள் இருவர் மட்டும்.

"ஏன் அத்தே, ஒரு தடவையாவது அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாதா? அவருக்காகத்தான அறுத்தாரு?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லிக்கினு போகட்டும்டி. பொழுதானா அவரு பஸ் ஏறணும். நான் இங்கதான இருக்கப் போறேன்."

அத்தைக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதனால்தான் யார் பெயரும் போடாமல் இதை எழுதியிருக்கிறேன். அண்ணன் படித்தால் யாரென்று அவனுக்குத் தெரியாமல் போகாது.